மலையுச்சியில் ஒரு சிவப்புத் துணி

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, அந்த மலையின் உச்சியில், ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத் துணி பறந்துகொண்டிருந்தது. பூவம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அறுத்த துடைப்பப் புல்லைக் கட்டக் கயிறு போதவில்லை... துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

“இந்தாம்மா... அத்த வெச்சிடு.”

சுனையில் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சிரைக்க ஏறி வந்தான் துலுக்காணம். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம். எழுபத்திரண்டாம் வருஷக் கார்த்திகையில் சர்வே வேலைக்கு வந்திருந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்க்கிற சர்வேயருக்கு இந்தக் கொடிதான் குறி. அதைக் காவல் காப்பது இவன் வேலை.

“ஒரு முழத் துணிக்கு இம்மாம் பேஜாரா?” என்றாள்.

“கவருமெண்டு கொடிம்மா இது. தெரியலன்னா, சர்வேயரு மலையையே காணோம்னு எழுதிடுவாரு.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கண் சிரித்துவிட்டது. மழை விட்டதும் இலை நுனியில் ஒரு சொட்டு விழாமல் நிற்குமே... அந்தப் பளபளப்பு. துலுக்காணம் கொடியை மறந்தே போனான்.

அதுவரை மலையடிப் புல் போதுமாயிருந்தது பூவம்மாளுக்கு. இப்போது தினமும் உச்சிப் புல் வேண்டியிருந்தது. அவனும் பேச ஆரம்பித்தான். கிழக்கே வெள்ளிக் கம்பி மாதிரி மினுங்குவதைக் காட்டி, அதுதான் எங்க ஏரி என்றான். நடுத்தண்ணீரில் பயமில்லையாம்... இங்கே நின்று கீழே பார்த்தால் கால் கூசுகிறதாம். அவள் அதற்கும் சிரித்தாள்.

வெயில் ஏறியதும் பட்டாம்பூச்சிகள் வரும். மஞ்சள், கறுப்பு, மயில்கழுத்து நீலம்... காட்டிலிருந்து காற்றோடு ஏறி வந்து உச்சியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் உட்கார ஒரு கல். இறக்கை கிழிந்த ஒன்று மட்டும் தினமும் கொடிக் கம்பிலேயே உட்காரும். பூவுமில்லை, தேனுமில்லை, இந்த மொட்டைப் பாறைக்கு எதற்கு வருகின்றன என்று கேட்டான் துலுக்காணம்.

“அல்லாம் ஆம்பளைங்க. பொண்ணு வரும்னு காத்துக்கினு கீதுங்க. அது தோணும்போது ஏறி வரும். ஒண்ணப் புடிச்சிருந்தா ரெண்டும் கீழ எறங்கிடும்.”

“வரலன்னா?”

“நாளைக்கும் வந்து குந்தும். வெக்கங்கெட்ட ஜாதி.”

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அவள் முந்திக்கொண்டாள்.

“உப்புக்காத்து ஊருக்கெல்லாம் எங்க நைனா பொண்ணு குடுக்க மாட்டாரு.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“யாரு கேட்டா?”

பூவம்மாள் கொட்டுகிற மழையிலேயே புல்கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். யாரு கேட்டாவாமே... இனி இந்த மலை ஏறினால் ஏனென்று கேள்.

நான்கு நாள் ஏறவில்லை. ஐந்தாம் நாள் சர்வே ஜீப்பு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் சிவப்பு... மறுநாளும் இருந்தது. ஜீப்பே போன பிறகு, யாருக்கு இந்தக் கொடி?

அப்பா தணிகாசலம் துடைப்பம் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

“அந்தக் கொடிக்காரப் பையன் இன்னும் ஊருக்குப் போவல. நேத்து நம்ம ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, ஒண்ணும் கேக்காத திரும்பிட்டான். நல்ல பையன்தான்... மேல போனா கொஞ்சம் கூழு எடுத்துக்கினு போ.”

“நான் போறேன்னு யாரு சொன்னா, நைனா?”

“யாரும் சொல்லல. போ.”

கூழ்ச் சட்டியோடு ஏறினாள். கம்பில் இருந்தது சர்க்கார் துணியல்ல, அவனுடைய சிவப்புத் துண்டு. மழை கழுவிய வெயிலில் பட்டாம்பூச்சிகள் அவன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன.

“ஜீப்பு பூடுச்சே... யாருக்குக் கொடி காட்டிக்கினு கீற?”

“வெக்கங்கெட்ட ஜாதி” என்றான் அவன், தலை குனிந்து.

சட்டியை மெல்ல வைத்தாள். “நைனா அப்டி சொல்லவே இல்ல. நானாத்தான் சொன்னேன்... நீ இன்னா சொல்லுவன்னு பாக்க.”

“நான் சொன்னதும் பொய்தான். அத்தினி நாளும் மனசுக்குள்ள கேட்டுக்கினேதான் இருந்தேன்... இப்ப வாயால கேக்கறேன். என்னக் கட்டிக்கிறியா, பூவு?”

அவள் கம்பின் முடிச்சில் கை வைத்தாள். இறக்கை கிழிந்த பூச்சி எழுந்து பறந்தது.

“இத்த எடுத்துக்கட்டா?”

“எடுத்துக்க.”

துண்டை அவிழ்த்தாள். அவன் கூழைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, காலிச் சட்டியை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, கையை நீட்டினாள்.

“வா, எறங்கலாம். கீழ பாக்காத... கால் கூசும். என்னப் பாத்துக்கினே வா.”