கரடி எங்கும் போகவில்லை

அந்தக் கருத்தை ஸ்டோயங்கா எழுதவில்லை.

நாட்டுக்கு யூரோ நாணயம் வந்தால் ரொட்டி விலை ஏறுமா ஏறாதா என்று இணைய மன்றத்தில் நடந்துகொண்டிருந்த சண்டையின் நடுவே, கரடி என்ற பெயரில், அது கிடந்தது. "விலை கிடக்கட்டும்டா. இன்னைக்கு எங்க வீட்டுல வாங்கின ரொட்டி நடுவுல வேகவே இல்ல. வெறும் மாவு. முதல்ல அதுக்கு ஒரு சட்டம் போடுங்க." கீழே ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள்.

கரடி அவள் மகன் காலோயன். அவன் இறந்துவிட்டான். அவன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனால் இதை எழுதவில்லை. ரொட்டியை இன்று மதியம்தான் அறுத்தாள். நடுவில் மாவாக இருந்ததைக் கத்தி முனையால் தோண்டிக் குப்பையில் போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவன் இதயம் நின்றதும் இதே கணினி மேசையில்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைக் கொண்டு போன பிறகும் திரை அணையவில்லை. தக்காளி தேசம் என்று பெயர் வைத்துக்கொண்ட எவனோ ஒருவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்: "என்ன கரடி, பதில் இல்லையா? ஓடிட்டியா?" அவள் மகன் எந்த வாதத்திலிருந்தும் ஓடியவனில்லை. நடுவில் சேமிக்க விடாத வீடியோ கேம் ஒரு கேமே இல்லை என்பதில் தொடங்கி, இத்தனை தேர்தல் வைக்கும் நாட்டில் ஓட்டுப்பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்து வைப்பதே வீண் வேலை என்பது வரை, எதிலும் கடைசி வார்த்தை அவனுடையதாகத்தான் இருக்கும். ஸ்டோயங்கா ருஸே நகரத்துப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். அவனுக்குத் தெரியாமல் அவன் எழுதியதையெல்லாம் வருடக்கணக்காகப் படித்தவள். அவன் எங்கே மூச்சு விடுவான், எங்கே கெட்ட வார்த்தை போடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு வரி எழுதினாள்: "ஓடல. சூப் சூடு பண்ணப் போனேன்."

மன்றம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில், ஒரு கணம், அவன் சமையலறையில்தான் இருந்தான்.

மறுநாளும் எழுதினாள். அதற்கடுத்த நாளும்.

இப்போது டிசம்பர். மதியம் முடிவதற்குள் இருட்டிவிட, டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி கரிப்புகை வாசனையோடு ஜன்னல் இடுக்குகளில் கசிந்தது. அடுப்பில் நாளைய சடங்குக்கான கோதுமை குழையக் குழைய வெந்து, அதன் இனிப்பான கனத்த ஆவி சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, காலோயனின் அறை வரைக்கும் வந்து அவன் நாற்காலியின் முதுகில் ஈரமாகப் படிந்துகொண்டிருந்தது. வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் எப்போதாவது முனகின.

கீழ் வீட்டு டோச்கா கோதுமை மேல் தூவச் சர்க்கரைத் தூள் கொண்டு வந்தாள். உள்ளே நுழைவதற்கு முன் வெறுமையாக இருந்த வாசற்கதவைத் தடவிப் பார்த்தாள்.

"இரங்கல் நோட்டீஸ் இன்னும் ஒட்டலையா அக்கா?"

"பசை வாங்கல."

"பசை எதுக்கு, மைதாவும் தண்ணியும் போதாதா? நாளைக்கு நாற்பதாம் நாள். ஊருல செத்தவங்க எல்லாரும் அவங்கவங்க கதவுல போட்டோவா நிக்கிறாங்க. உங்க பிள்ளைக்கு மட்டும் அந்தக் காகிதம் கட்டிலுக்கு அடியில சுருண்டு கிடக்குது. செத்துட்டான்னு சொல்லாம வெச்சிருந்தா அவன் எப்படிப் போவான்? டிக்கெட் வாங்கித் தராம பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி வெச்ச கதைதான்."

"நாளைக்கு ஒட்டிடறேன் டோச்கா."

"அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. ராத்திரியில அந்தத் தட்டுற சத்தம். எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமே போச்சு. தடதடன்னு ஓடி, கடைசியில டம்முனு ஒரு குத்து. காலோயன் அடிக்கிற மாதிரியே."

ஸ்டோயங்கா கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

காலோயனின் வலது சுண்டுவிரல் சிறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்தது. கோணலாகவே கூடிவிட்டது. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் அந்தக் கோணல் விரலால்தான் விசைப்பலகையைக் குத்துவான். அவளோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரமே படுத்துவிடுகிறவள். காலையிலிருந்து விரல் நுனிகள் எரிந்தன. பச்சைத் தண்ணீரில் கோதுமை களைந்ததால் என்று நினைத்திருந்தாள்.

அறைக்குத் திரும்பியபோது புதிதாக ஒன்று வந்திருந்தது.

"எங்கம்மா நாளைக்குன்னு கோதுமை அவிக்கிறாங்க. ஊருல எல்லாரும் அதை ஆகா ஓகோங்கிறாங்க. என்னைக் கேட்டா, இருக்கறதுலயே மட்டமான பிரியாவிடை. நான் எங்கயும் போறதா இல்ல."

"கரடி இன்னைக்குச் செம ஃபார்ம்ல இருக்கான்" என்றான் தக்காளி தேசம்.

ஸ்டோயங்கா உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அவன் இருக்க வேண்டும் என்று எழுதியவள், முதல் முறையாக அவன் போக வேண்டும் என்று எழுதினாள். அவனுடைய நடை இல்லாமல், தன்னுடைய நடையில். நான் காலோயனின் தாய். என் மகன் நவம்பரில் இறந்துவிட்டான். இதுவரை எழுதியது நான். உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். அவன் இறந்துவிட்டான் என்று ஒரே ஒருவராவது சொல்லுங்கள். அது போதும்.

பதில்கள் மளமளவென்று விழுந்தன.

"ஹாஹா. வாதத்துல தோத்தா செத்துட்டேன்னு சொல்றது புது டெக்னிக்."

"அம்மா, உங்க பையன் என்கிட்ட ஒரு பந்தயம் தோத்திருக்கான், பணத்தைச் சொர்க்கத்துலேர்ந்து அனுப்பச் சொல்லுங்க."

"டேய் கரடி, அம்மா வேஷம் உனக்கு ஒட்டல."

கட்டிலுக்கடியில் கைவிட்டாள். சுருண்டிருந்த காகிதத்தை விரித்துப் படமெடுத்துப் போட்டாள். கறுப்புக் கட்டம், சிலுவை, பெயர், அவன் முகம்.

"போட்டோவுல கழுத்தைப் பாருங்க. பக்கா ஏஐ."

"வரவர இதுக்கெல்லாம் ஒரு ஆப் வந்துடுச்சு."

"யாராவது சொல்லுங்கப்பா" என்று எழுதினாள். "உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அவன் போயிட்டான்னு சொல்லுங்க."

சிரிக்கும் மஞ்சள் முகங்கள். வரிசை வரிசையாக.

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் வேண்டுகோளுக்குக் கீழே, கரடியின் பெயரில், இன்னொரு பதில்.

"மன்னிச்சுக்கங்கப்பா. அம்மா கம்ப்யூட்டரைத் தொட்டுட்டாங்க. இனிமே தொட மாட்டாங்க."

மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை செத்தது. கறுத்த கண்ணாடியில் நாற்காலியும், நாற்காலியில் அவளும். அவள் மட்டும்தான்.

அறையைப் பூட்டினாள். சமையலறைக்கு வந்தாள். விளக்கைப் போட்டாள். கோதுமை அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். நாளை காலை வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன். விடிந்ததும் முதல் வேலை, காகிதம். கதவு. பசை. மேசை முன் உட்கார்ந்தாள். மேசை மேல், அணைக்க மனம் வராமல் இத்தனை நாளும் அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்த அவனுடைய கைப்பேசி.

தடதடதடதட.

பூட்டிய அறையைப் பார்த்தாள்.

தடதடதட. டம்.

அங்கே இல்லை. பக்கத்தில். மிகவும் பக்கத்தில். வெந்நீர்க் குழாயா. மேலே பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மூடுபனி.

தடதடதட.

கீழே பார்த்தாள்.

மேசை விரிப்பின் மேல் அவளுடைய பத்து விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

நிறுத்து என்றாள். நிற்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். தோள் அசைந்தது. கை வரவில்லை. நுனிகளில் தோல் கிழிந்து, பூப்போட்ட விரிப்பில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள். டோச்கா என்று கத்த வாயைத் திறந்தாள். கீழ் வீட்டில் யாரோ எரிச்சலோடு துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்கள்.

கைப்பேசி ஒளிர்ந்தது.

கரடி எழுதிக்கொண்டிருக்கிறார்.

வலது கையின் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலகி மெல்ல எழுந்தது. நடு மூட்டில் வெளிப்பக்கமாக வளைந்தது. இத்தனை வருடம் நேராக இருந்த விரல். எலும்பு நறுக்கென்றது.

டம்.