பெயர் படிக்கும் நேரம்

மூன்றாவது தட்டின் ஓரத்தில் நான்கு கறிவேப்பிலைகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

செவ்வந்தி கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். இரவு போட்ட சோறு போட்டபடியே இருக்க வேண்டும். பத்தொன்பது நாளாக அப்படித்தான் இருந்தது. விடிந்ததும் எடுத்துக் கோழிக்குக் கொட்டிவிடுவாள். இன்று ஒரு பக்கத்தில் சோறு குறைந்திருந்தது. விரல்கள் வழித்த தடம் குழம்போடு காய்ந்து போயிருந்தது.

புருஷன் மாயவனாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அந்த மனுஷனுக்குக் கறிவேப்பிலையை ஒதுக்கத் தெரியாது, காம்போடு மென்று விழுங்குகிற ஆள். அந்த வீட்டில் அதை ஒதுக்கிச் சாப்பிடுகிறவள் மகள் ஆண்டாள் ஒருத்திதான். அவள் சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு இருந்தாள். யாருக்கும் தெரியாமல் சின்னசேலம் வரை கூட்டிப்போய் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவளே செவ்வந்திதான்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கரியாலூருக்கு ஏறும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, நிறைசபை என்கிற சாமிக் கூட்டத்துக்கு அறுபது வீடுகள். சுற்றி வேலி உண்டு, வாசலில் பூட்டு கிடையாது. சபையை விட்டு இதுவரை ஒருவரும் போனதில்லை என்பது சபையின் பெருமை. போனவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? நிறையப் பேர் போயிருக்கிறார்கள். போனார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இதற்கு அங்கே பக்தி என்று பெயர்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் மண்டபத்தில் கூட வேண்டும். பெரியவர் தெய்வசிகாமணி பெயர் படிப்பார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். ஓடிப்போனவர்களின் பெயரும் அதில் வரும். அதற்கு வீட்டு ஆம்பளை, ஆம்பளை இல்லாத வீட்டில் பெத்தவள், எழுந்து "இருக்கா" என்றோ "இருக்கான்" என்றோ சொல்ல வேண்டும். வீட்டில் அவர்களுக்குத் தட்டு வைத்துச் சோறு போட வேண்டும், பாய் விரிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் வந்து அந்த வெறும் பாயைப் பார்த்து நலம் விசாரிப்பார்கள். செவ்வந்தியும் விசாரித்தவள்தான். அடுத்த வீட்டு ராணியம்மாளின் மகன் வேடியப்பன் பெங்களூருக்கு ஓடி எட்டு வருஷம். அவன் பாயைப் பார்த்து, "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்று கூச்சமே இல்லாமல் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

ஆண்டாளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் எழுந்து, "அங்க ஆளே இல்லியே, யாருகிட்ட பேசறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேள்வி கேட்டவள் நாற்பது நாள் மண்டபத்துச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தாள். முப்பதாம் நாள் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்றுதான் இவளை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று செவ்வந்தி முடிவு கட்டினாள்.

பின்னால் மாயவன் வந்து நின்றான். தட்டைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு.

"கொழந்த சாப்ட்டிருக்கு பாத்தியா?" என்றான். "இன்னிக்குப் பௌர்ணமி. இத்தினி நாளு நான் சொன்னேன். இன்னிக்கு நீதான் எழுந்து சொல்லணும். பெத்தவ வாயால வந்தாத்தான் எடம் நெறையும்."

செவ்வந்தி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கோழிகள் ஓடி வந்தன, தட்டை மோந்து பார்த்தன, ஒரு பருக்கைகூடக் கொத்தாமல் திரும்பிப் போய்விட்டன.

அன்று கள்ளக்குறிச்சியில் சந்தை. சபையின் புளியைக் கொண்டுபோய் சாதுல்லாவின் மளிகைக் கடையில் இறக்குவது செவ்வந்தியின் வேலை. தனியாக அனுப்ப மாட்டார்கள், ராணியம்மாள் கூட வருவாள். பஸ்ஸில் புளி மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்ததும் ராணியம்மாள் கேட்டாள்.

"சாப்ட்டாளா?"

"யாரு?"

"இன்னா யாருங்கற? உம்பொண்ணுதான்." அவள் வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டாள். "எனக்கும் இப்படித்தான். மொதல்ல சோறு கம்மியாவும். அப்புறம் பாயி சூடாவும். பௌர்ணமியன்னிக்கு என்ன எழுந்து சொல்லச் சொன்னாங்க. நான் வாயே தொறக்கல செவ்வந்தி. அழுதுக்கினே நின்னேன். இல்லன்னு சொல்லல இல்ல, அது போதும்னுட்டாரு பெரியவரு."

"நீ மண்டபத்துக்கே வராமயே இருந்திருந்தா?"

"வராட்டியும் அதேதான். இல்லன்னு சொல்லாத வரைக்கும் இருக்குன்னுதான் அர்த்தம்." ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, ஊர்க்கதை சொல்கிற குரலில் தொடர்ந்தாள். "மறுநாளே பெங்களூர்லேந்து ஆளு வந்துது. மொத நாளு சாயங்காலம், வெளக்கு வெக்கற நேரத்துல, கட்டட வேலைல சாந்துச் சட்டியத் தூக்கிக்கினு நின்னவன் அப்படியே சாஞ்சுட்டானாம். பொணத்த வந்து பாருன்னாங்க. நான் போவல. எதுக்குப் போவணும்? புள்ளதான் வூட்ல இருக்கான்ல?"

செவ்வந்தி குனிந்து புளி மூட்டையின் கட்டை இறுக்கினாள்.

ராணியம்மாளை வாசலில் மூட்டைக்குக் காவல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாதுல்லா டெலிபோனைத் தூக்கி மிளகாய் மூட்டைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார். சந்தை நாளில் பதினோரு மணிக்கு ஆண்டாள் கூப்பிடுவாள், இது அவர் பண்ணிக் கொடுத்த ஏற்பாடு. மணி அடித்தது.

"அம்மா, நல்லாத்தான் இருக்கேன். இங்க எல்லாரும் நல்லா பேசறாங்க. நேத்து சினிமாக்குக் கூப்ட்டாங்க தெரியுமா?" குரலில் ஒரு துள்ளல் இருந்தது. செவ்வந்திக்கு அழுகை வந்தது. "ஒண்ணே ஒண்ணுதாம்மா. வெளக்கு வெக்கற நேரம் ஆனா கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுது. துணி மடிச்சிக்கினே அப்படியே நின்னுடறேனாம். மூஞ்சில தண்ணி அடிக்கறாங்க. நான் 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கினே இருக்கனாம்."

"சாப்புடறியா ஒழுங்கா?"

"ராவுல பசிக்கவே மாட்டேங்குது. நேத்து தூக்கத்துல நம்ம வூட்டுக் கொழம்பு வாசன வந்துது. வாயெல்லாம் புளிப்பு. காலீல எழுந்து பாத்தா நெகத்துல மஞ்சக் கறைம்மா."

செவ்வந்தி மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டாள். "ஆண்டாளு, இன்னிக்கு ஆறு மணிக்குத் தனியா இருக்காத. யாரு கையாவது கெட்டியா புடிச்சிக்கோ."

"ஏம்மா?"

"புடிச்சிக்கடின்னா புடிச்சிக்கோ."

போனை வைத்தபோது சாதுல்லா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? திரும்பிப் போவாதம்மா. உள்ள எங்க பொண்ணு ஷாஜாதி இருக்கு. இன்னிக்கு அதுகூடத் தங்கிக்கோ. காலீல நானே உன்ன சேலம் பஸ்ல ஏத்தி வுடறேன்."

எவ்வளவு எளிது! அந்தத் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் போதும். ஆனால் போனால், சாயங்காலம் மண்டபத்தில் 'இல்ல' என்று சொல்ல ஆள் இருக்காது.

"அங்க ஒரு வார்த்த சொல்லணும் பாய். சொல்லிட்டு வந்துடறேன்," என்றாள்.

மத்தியானம் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கடுக்காயை இடித்துக்கொண்டே அந்த வார்த்தையைப் பழகினாள். இல்ல. உலக்கை விழும்போதெல்லாம் ஒரு தடவை. இல்ல. இல்ல. மலையிலிருந்து இறங்கிய காற்று கூரையைத் தடவிக்கொண்டு போனது; தூரத்தில் எவனோ மாட்டை அதட்டினான்; உலக்கைச் சத்தம் நின்றபோது உள் அறையில் பாய் நெறுநெறுக்கும் சத்தம் கேட்டது, புரண்டு படுக்கிறவர்களின் கீழே பாய் போடுகிற அதே சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். பாயில் யாரும் இல்லை. கையை வைத்தாள். இப்போதுதான் யாரோ எழுந்து போனாற்போல் இளஞ்சூடு. சீயக்காய் வாசனை. தலை வைக்கும் இடத்தில் நீளமான ஒரு முடி, ஈரத்தோடு.

அதை எடுத்து அடுப்பில் போட்டாள். கருகும்போது வீடெல்லாம் மகள் வாசம் அடித்தது. அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மணி அடித்தது. மாயவன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அவ்வளவு பிரியமாக அவன் கையைப் பிடித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

மண்டபத்தில் காட்டுச் சாம்பிராணியும், எண்ணெய் வைத்த தலைகளும், பகலெல்லாம் வெயிலில் வெந்த சுவரின் புழுக்கமும் சேர்ந்து ஒரு வாடையாக நின்றது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்து நெருங்கி உட்காராமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓர் ஆள் இடம் விட்டு. ராணியம்மாள் தன் பக்கத்து இடத்தில் முந்தானையால் தூசி தட்டினாள். செவ்வந்திக்கு வலது பக்கம் மாயவன். இடது பக்கம் காலி. அதை அவள் பார்க்கவில்லை. நேரே தெய்வசிகாமணியை மட்டும் பார்த்தாள்.

அவர் படிக்க ஆரம்பித்தார். அரங்கநாதன். இருக்கேன். ராஜாம்பாள். இருக்கேன். அம்மாசி. இருக்கேன். அவசரமே இல்லாத குரல், வெள்ளாட்டைத் தடவிக் கொடுக்கிற மாதிரியான குரல். வேடியப்பன். "இருக்கான்," என்றாள் ராணியம்மாள் சந்தோஷமாக. ஒவ்வொரு பதிலுக்கும் மண்டபம் முழுதும் ஒரே மூச்சாக மூக்கால் காற்றை இழுத்தது.

சேலத்தில் இப்போது கடையில் விளக்குப் போட்டிருப்பார்கள். யார் கையையாவது பிடித்திருப்பாளா? பிடித்திருப்பாள். சொன்னால் கேட்கிற பெண்தான்.

இடது தோளில் ஏதோ பட்டது.

காற்று. காற்றாகத்தான் இருக்கும்.

மாயவன். இருக்கேன். செவ்வந்தி. "இருக்கேன்," என்றாள். குரல் நடுங்கவில்லை. நல்லது.

"ஆண்டாள்."

எழுந்தாள். அத்தனை முகங்களும் திரும்பின. கோபம் இல்லை ஒன்றிலும். எல்லோரும் சிரித்தார்கள், கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது போல. அவள் வாயைத் திறந்தாள்.

இடது கையின் சுண்டு விரலை யாரோ பிடித்தார்கள்.

சுண்டு விரலை மட்டும். சந்தைக் கூட்டத்தில், மூன்று வயதில், பயந்தால் அப்படித்தான் பிடிப்பாள். கை ஐஸாக இருந்தது.

"அம்மா."

திரும்பாதே.

"என்ன இல்லன்னு சொல்லப் போறியா?"

திரும்பாதே. அது அவள் இல்லை. அவள் சேலத்தில். துணி மடிக்கிறாள். சினிமாவுக்குப் போகப் போகிறாள்.

"நான் உனக்கு வேணாமா?"

அழுகையை அடக்கும் மூச்சு, விட்டு விட்டு. இருபது வருஷமாக அந்த மூச்சு எந்த அறையிலிருந்து கேட்டாலும் அவள் ஓடியிருக்கிறாள். போட்டது போட்டபடி. அடுப்பில் பால் பொங்கப் பொங்க.

மத்தியானமெல்லாம் பழகிய வார்த்தையைத் தேடினாள். காணோம்.

"இருக்கா," என்றாள்.

மண்டபம் மூச்சை விட்டது. "நெறைஞ்சுது," என்றார் தெய்வசிகாமணி, கண்ணை மூடிக்கொண்டு. மாயவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சுண்டு விரலைப் பிடித்திருந்த கையில் சூடு ஏறியது. முதலில் நுனியில். பிறகு உள்ளங்கையில். பிறகு மணிக்கட்டில் நாடி துடித்தது, வெகுதூரம் ஓட ஓட இழுத்து வரப்பட்ட ஒருத்தியின் நாடி, தாறுமாறாக. செவ்வந்தி திரும்பினாள்.

ஆண்டாள் நின்றிருந்தாள். துணிக்கடையின் நீலச் சேலை. மார்பில் கடையின் பெயர் குத்திய வில்லை. வலது கை மட்டும் மூடியிருந்தது, இன்னொருத்தியின் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்திருப்பதுபோல. விரல்களுக்கு நடுவில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள், பிடிவிடாமல் பிய்த்துக்கொண்டு வந்தவை. ரத்தம் சொட்டியது.

வாய் சிரித்தது. சபைச் சிரிப்பு. கண் சிரிக்கவில்லை. கண் மண்டபத்தை அடையாளம் கண்டுகொண்டது, சுவரை, விளக்கை, அப்பாவை, கடைசியில் அம்மாவை. ஏன் என்று கேட்டது. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

செவ்வந்தி கத்துவதற்காக மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். அங்கே இப்போது ஓர் இடமும் காலியாக இல்லை. ராணியம்மாளின் பக்கத்தில் ஒரு பையன், கையெல்லாம் சிமென்ட். அவனுக்கு அப்பால் ஒரு கிழவர். அந்த வரிசையில் மட்டும் ஓடிப்போனவர்கள் ஏழு பேர். அதற்குப் பின்னால் இன்னும், இன்னும். எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எல்லா வாயும் சிரித்துக்கொண்டு. கண்கள் மட்டும், அத்தனை கண்களும், பூட்டில்லாத அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.