ஐம்பதாவது புள்ளி

அணைத்து நான்கு நாளான அண்டாவுக்குத் திரையில் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

கலீலுல்லா முதலில் அதைக் கறை என்றுதான் நினைத்தான். கம்ப்யூட்டரின் பச்சைத் திரையில் ஒரே வரி மாதக்கணக்கில் நின்றால் கண்ணாடியிலேயே பதிந்துபோகும். ஆனால் பதிந்த கறை வளராது. மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் நான்காவது வந்து உட்கார்ந்தது.

வெளியே சேதராப்பட்டு முழுக்க ஐப்பசி மழை. பிற்பகல் மூன்று மணிக்கே ஷெட்டுக்குள் இருட்டு. தகரக் கூரையில் விடாமல் கொட்டும் தண்ணீர், நனைந்த வைக்கோலின் புளித்த வாடை, அதற்கடியில் மூக்கை அரிக்கும் சுண்ணாம்பு நெடி. வைக்கோலையும் சுண்ணாம்பையும் போட்டு ஆவியில் வேகவைக்கிற அட்டை மில்லின் இரும்பு அண்டா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு குடிசை உயரத்துக்கு, பக்கவாட்டு மூடி திறந்தபடி நின்றது. வருஷச் சுத்தத்துக்காக ஆவிக்குழாயைக் கழற்றித் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

புரோகிராமை நிறுத்தும் கீபோர்டு விசைகளை அழுத்தினான். வரி நின்றது. அதற்குக் கீழே, அதே நான்கு புள்ளியோடு மறுபடி கிளம்பியது. ஐந்து.

அதை எழுதியவன் அவன்தான். இதே மில்லில் முதுகுத் தோல் உரிய வைக்கோல் கட்டு சுமந்து, அந்தக் கூலியில் பாண்டிச்சேரி போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினான். அண்டாவுக்குள் எவ்வளவு வேக்காடோ அவ்வளவு புள்ளி. சில நாள் அது முப்பத்தெட்டில் நின்று ஒரு மணி நேரம் அசையாது.

"இன்னாய்யா, செத்துப்போச்சா உன் பொட்டி?" என்றார் மேனேஜர் கோவிந்தராஜ். "மொதலாளி வந்து பார்த்தா ஓடிகினே இருக்கணும்."

ஓட வைத்தான். அண்டாவிலிருந்து வந்த கம்பியை விட்டுவிட்டுக் கடிகாரத்தோடு கட்டினான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி, உள்ளே என்ன நடந்தாலும். ஐம்பது நிறைந்தால் மணி அடிக்கும். அண்டாவின் அழுத்தமானி சுண்ணாம்பு படிந்து குருடாகி வெகுநாள். ஆட்கள் கண்ணாடி வழியாகத் திரையைத்தான் பார்த்தார்கள். "புள்ளி ரொம்பிச்சா பாய்?" ரொம்பினால் மூடியின் எட்டு போல்ட்டையும் கழற்றுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் தணிகைவேல் அப்படித்தான் கழற்றினான். வடிகுழாயை வைக்கோல் அடைத்து, ஆவி உள்ளேயே நின்றிருந்தது. திரையில் ஐம்பது. மூடி அவன் நெஞ்செலும்பை நொறுக்கியது. பின்னால் வந்த கொதிகுழம்பு அவனை வேகவைத்தது. தூக்கப் போனவர்கள் பிடியில் அவன் கைத்தோல் உறைபோலக் கழன்று வந்தது. அவசரப்பட்டான், அவன் தப்பு என்று எழுதினார்கள். கலீலுல்லா வாய் திறக்கவில்லை. தணிகைவேலின் தம்பி ஜெயமணிக்கு அதே வேலையைக் கொடுத்தார்கள்.

அந்த ஜெயமணி இப்போது சுரண்டியோடு கண்ணாடிக்கு வெளியே நின்றான், தலையில் சாக்கு.

"இன்னா பாய், புள்ளி ஓடுது? நான் உள்ள எறங்கி சுண்ணாம்பு சொரண்டணும்பா. என்னையும் வேகவெச்சிடப் போற."

சொல்லிச் சிரித்தான் ஜெயமணி. சொல்லிவிடலாம். இது பொய்ப் புள்ளி, அன்றைக்கும் பொய்ப் புள்ளி. கலீலுல்லாவுக்கு வார்த்தை பல்வரை வந்தது.

"ஒண்ணுமில்லடா. சும்மா டெஸ்ட்டு. நீ எறங்கு."

அவன் போனான். புள்ளி பதினெட்டு. கலீலுல்லா கண்ணெடுக்கவில்லை. இருபத்திரண்டு. இது ஐந்து நிமிஷக் கணக்கு இல்லை, மூச்சுக்கு ஒன்றாக வந்தது. பிளக்கைப் பிடுங்கினான். ஒயர் கையில் தொங்கியது, திரை எரிந்தது. முப்பத்தொன்று. எங்கோ ஆவி சீறும் சத்தம், வெந்த வைக்கோலின் வாடை, கண்ணாடித் தடுப்பில் வெளிப்பக்கமிருந்து படரும் வெள்ளைப் புகை. கையால் துடைத்தான். புகை அந்தப்பக்கம். அதற்குள் ஒரு கணம் அண்டா தெரிந்தது.

மூடி மூடியிருந்தது. எட்டு போல்ட்டும் முறுக்கியிருந்தது.

ஓடினான்.

"ஜெயமணி!"

உள்ளிருந்து தட்டினார்கள். டங். டங்.

ஸ்பேனர். ஒன்று. இரண்டு. இரும்பு சில்லென்றிருந்தது, ஆவி இல்லை, ஆவி இருக்க வழியில்லை. மூன்று. நான்கு. விரல் முட்டி கிழிந்தது. தட்டல் வேகமானது.

"புள்ளிய நம்பாதடா! அது பொய்யி! கடியாரத்துக்கு நான் எழுதுனது! உங்கண்ணனக் கொன்னது நாந்தான்டா!"

தட்டல் நின்றது.

"தெரியும் பாய்," என்றது உள்ளே இருந்த குரல். "தொற."

ஏழாவது போல்ட் காலடியில் விழுந்தது.

"எங்கண்ணன இன்னா பண்ண?"

இது முதுகுக்குப் பின்னால். திரும்பினான். ஜெயமணி. ஒரு கையில் சுரண்டி, ஒரு கையில் டீ கிளாஸ். சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. அவன் அண்டாவுக்குள் இறங்கவே இல்லை.

அறைக்குள் மணி அடித்தது.

எட்டாவது போல்ட் தானாகத் திரும்பியது. விழுந்தது. மூடி நான்கு விரல்கடை விலகியது. அந்த இடுக்கில் ஒரு கை. தோலில்லை. வெந்த இறைச்சியின் வெளுப்பு, நகம் இருந்த இடங்களில் குழி. அது கலீலுல்லாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தது.

முழங்கை வரை. தோள் வரை. உள்ளே கொதித்தது. அவன் கத்தினான். தன் தோல் விட்டுக் கொடுப்பது தெரிந்தது, சட்டைக் கையைச் சுருட்டுகிற மாதிரி, மெதுவாக.

"ஜெயமணி... இழுடா... டேய்..."

ஜெயமணி டீ கிளாஸைத் தரையில் வைத்தான். சுரண்டியை அதன் பக்கத்தில் வைத்தான். கண்ணாடித் தடுப்பில் புகை விலகியிருந்தது. அவன் அதன் வழியே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்பட்டும் பாய்," என்றான்.

திரையில் புதிய வரி. அதில் ஒரே ஒரு புள்ளி. இரண்டாவது வர, கலீலுல்லா எழுதிய கணக்குப்படி, ஐந்து நிமிஷம்.