கழித்தால் ஒன்பது

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு சோபனா குழந்தைகள் வார்டின் கதவைத் தள்ளித் திறந்தாள். இரண்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறாள். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் மற்ற கட்டடங்கள் எல்லாம் புதுசாகிவிட்டன. இந்த வார்டு மட்டும் ஓட்டுக் கூரையோடும் ஆளுயரத்துக்கு மேல் போகும் ஜன்னல்களோடும் பழையபடியே கிடந்தது. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. தோல் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து காற்று வீசியதால் ஃபினாயில் வாடையோடு பச்சைத் தோலின் வாடையும் கலந்து வார்டுக்குள் தேங்கியிருந்தது.

பரீட்சைக்கு வந்திருந்தாள். மருந்து அளவுக் கணக்கு, மூன்றாவது முறை, கடைசி வாய்ப்பு.

சோபனாவுக்குக் கணக்கு வராது. ஏதோ பெரிய கணக்கெல்லாம் வராது என்று நினைத்துவிட வேண்டாம், கழித்தலிலேயே தகராறு. ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்து மூன்றைக் கழி என்றால், இரண்டில் மூன்று போகாது என்று பக்கத்து ஐந்திடம் ஒன்றைக் கடன் வாங்குவதுவரை ஒழுங்காகச் செய்வாள். வாங்கிய பிறகு அந்த ஐந்து நான்காகிவிட்டது என்பதை மறந்துபோவாள். பத்தாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி புண்ணியத்தில் தேறியவள். நர்சிங் சேர்ந்தால் கணக்குக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடலாம் என்று நம்பித்தான் சேர்ந்தாள். பாவம், அங்கே போனால் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், குழந்தை இத்தனை கிலோ, குப்பியில் ஒரு மில்லிக்கு இவ்வளவு மருந்து, அப்படியானால் எத்தனை மில்லி ஏற்றுவாய் என்று தினமும் உயிரை எடுத்தார்கள். இரண்டு முறை ஃபெயில். இன்றைக்கும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மா, "என் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது" என்று லைன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

கமலம் மேடம் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார். கண்டிப்பான டியூட்டர், ஆனால் கெட்டவர் இல்லை.

"அந்தக் குழந்தைக்கு எடை பார்த்து, ஜுர மருந்து எவ்ளோன்னு சொல்லு. அவசரப்படாத."

ஜன்னலோரக் கட்டிலில் சுகரா பேகம் ஒரு வயது மகளோடு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் கொட்டி அம்மாவின் வலது கையில் கட்டு. நிற்கத் தெரியாத குழந்தையை எடை பார்க்க இந்த வார்டில் ஒரு வழி உண்டு. தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறிப் பார்ப்பார்கள், பிறகு தூக்கினவர் மட்டும் தனியாக ஏறிப் பார்ப்பார்கள். இரண்டையும் கழித்தால் வருவது குழந்தையின் எடை. வழக்கமாக அம்மாதான் தூக்குவாள். சுகரா பேகத்தின் கையில் கட்டு என்பதால் சோபனாவே தூக்கிக்கொண்டாள்.

குழந்தை அழவில்லை. சோபனாவின் வலது தோளில் சாய்ந்தபடி, அவளுடைய இடது பக்கத்தை எட்டிப் பார்த்தது. அங்கே யாரோ விளையாட்டுக் காட்டுவதுபோல் கையை நீட்டிச் சிரித்தது.

சோபனா குனிந்து பார்த்தாள். அவள் இடுப்பும் வெள்ளைக் கோட்டும்தான் இருந்தன.

மெஷினில் ஏறினாள். முள் அறுபத்து நான்கில் நின்றது. நோட்டில் குறித்துக்கொண்டு குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினாள்.

ஐம்பத்தேழு.

திங்கட்கிழமைதான் ஹாஸ்டலில் மெடிக்கல் செக்கப். அங்கே எடை பார்க்கப்போனவளை, நேரமாகிவிட்டது, போன தடவை நாற்பத்தெட்டுதானே, அதையே எழுதிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் நாற்பத்தெட்டைத் தாண்டியதே கிடையாது.

"மெஷின் கெட்டுப்போச்சு போல மேடம்."

"இன்னா கெட்டுப்போச்சு?" என்று சுகரா பேகம் எழுந்து வந்தாள். குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். "அம்பத்தி நாலு. நேத்து ஓபியிலயும் அதான் இருந்திச்சு. மெஷினு கரெக்டாதான் கீது."

சோபனா மறுபடி ஏறினாள்.

ஐம்பத்தேழு.

முள் நிற்கவில்லை, நடுங்கியது. மெஷினில் ஏறும் பெரியவர்களுக்கு முள் அப்படி நடுங்காது. கைக்குழந்தை காலை உதறினால் மட்டும்தான் நடுங்கும்.

நாற்பத்தெட்டுக்கு மேல் ஒன்பது. இந்தக் கழித்தலுக்கு அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை.

"அறுபத்தி நாலுல அம்பத்தேழு போனா?" என்றார் கமலம் மேடம்.

"ஏழு, மேடம்." சோபனா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழு கிலோ. பதினஞ்சு பெருக்கினா நூத்தி அஞ்சு மில்லிகிராம்."

அடுத்த நான்கு கணக்கும் சரியாக வந்தன. ஒரு தப்புகூட இல்லை. கமலம் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பாஸ்டி! இத்தினி நாளா எங்க வெச்சிருந்த இந்த மூளைய?"

சோபனாவால் சிரிக்க முடியவில்லை. ஒரு மாதமாக இடது இடுப்பில் ஒரு கனம். தோழிகள், "இன்னாடி ஒரு பக்கமா சாஞ்சி நடக்கற, வயசாய்ட்ச்சா?" என்று கேலி செய்வார்கள். நரம்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த இடத்தில் ஏதோ நழுவி, தன்னைத்தானே மேலே ஏற்றிக்கொண்டது.

கழுத்தோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது. ஈர மூச்சு. சளி கட்டிய, சத்தமுள்ள மூச்சு.

அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கௌதம் என்ற பையன் ஃபிட்ஸோடு இங்கே வந்தான். ஐந்து வயது. பிறவியிலேயே கைகால் விறைத்தவன், நின்றதில்லை, பேசியதில்லை, எலும்பும் தோலுமாக இருப்பான். அவன் அம்மா முத்துமாரி ஐந்து வருடமாக அவனை இடுப்பை விட்டு இறக்கியதில்லை. அன்றைக்கு எடை பார்த்தது சோபனா. அம்மாவும் பையனுமாக ஐம்பத்திரண்டு, அம்மா மட்டும் நாற்பத்து மூன்று. கழித்து, சார்ட்டில் பத்தொன்பது என்று எழுதினாள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்து வயதுப் பையன் பத்தொன்பது கிலோ இருப்பான்தானே. டாக்டர் சார்ட்டைப் பார்த்து மருந்து எழுதினார், ஸ்டாஃப் நர்ஸ் ஏற்றினார். ஒரு குப்பி போதவில்லை. வார்டில் வேறு குப்பி இல்லாததால் முத்துமாரி மெடிக்கலுக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்தாள். பிறகு அவளைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பையனை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது சோபனாதான். இரண்டாவது குப்பி ஏறியதும் ஃபிட்ஸ் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சளி மூச்சும் நின்றது. பையன் பயந்துபோய் அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த கையை இரண்டு பேர் சேர்ந்துதான் எடுத்தார்கள்.

இந்த மாதிரிக் குழந்தைகள் இப்படித்தான், எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சோபனாவும் அதைத்தான் நம்பினாள். போன மாதம் இந்தப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்து, கோட்டுப் பையில் இருந்த சின்ன நோட்டின் பழைய கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஐம்பத்திரண்டில் நாற்பத்து மூன்று போனால் ஒன்பது. மறுபடி போட்டாள். விரலை விட்டு எண்ணினாள். ஒன்பது, ஒன்பதேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படிப்பு போகும், அம்மா மானம் போகும். சொன்னாலும் பையன் திரும்பி வரப்போவதில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இடுப்பு கனக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

கமலம் மேடம் மார்க் போட ஆபீஸ் ரூமுக்குப் போனார். சோபனா சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை.

"சிஸ்டர், நீதான அன்னிக்கு என் பையனப் புடிச்சினு இருந்த?" என்று எழுந்து வந்தாள். "அவன் மருந்து மூணு பாட்டில் மீந்துபோச்சு, சீல்கூட ஒடைக்கல. வேற கொழந்தைக்கு ஆவும்னு எடுத்தாந்தேன். புதங்கெழமை ஆனா கால் தானா இங்க வந்துடுது. அஞ்சு வருசமா வந்த நாளாச்சே."

அவள் குரல் கேட்டதும் சோபனாவின் இடுப்பில் இருந்தது துள்ளியது.

கோட்டின் காலரை ஏதோ இறுக்கிப் பிடித்தது.

"செத்தவங்க வூட்டச் சுத்தினு இருப்பாங்கன்னு சொல்றாங்க," என்றாள் முத்துமாரி. "கனவுலயாவது வருவாங்களாம். எனக்கு வரல சிஸ்டர், ஒரு தபாகூட வரல. எங்க போய்ட்டான்னே தெரியல. தனியா இருக்கத் தெரியாதவன்."

சோபனாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் தப்பாக் கழிச்சிட்டேன்."

"இன்னாது?"

"எடை. ஒம்போது கிலோக்கா. நான் பத்தொம்போதுன்னு எழுதிட்டேன். அத வெச்சிதான் மருந்து குடுத்தாங்க. ஜாஸ்தியாப் போச்சு."

மழைச் சாரல் இரண்டு பேர் காலிலும் அடித்தது. முத்துமாரியின் உதடு எதையோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தது.

"அப்போ அந்த ரெண்டாவது மருந்து..."

"வேணாம்க்கா. ஒண்ணே போதும்."

"நான்தான ஓடிப்போய் வாங்கினு வந்தேன்."

சோபனா தலை குனிந்து நின்றாள்.

"செருப்புகூடப் போடாம ஓடினனே," என்றாள் முத்துமாரி. மஞ்சள் பை கீழே விழுந்து ஒரு பாட்டில் உடைந்தது. அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சோபனா அதற்குத்தான் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது முத்துமாரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிற்கிற தினுசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தள்ளிய இடது இடுப்பு, வலது காலில் ஊன்றிய பாரம், எதையோ அணைத்தபடி மடங்கிய இடது கை. ஐந்து வருடம் தானே அப்படி நின்றவள், அவளுக்குத் தெரியாதா.

"எத்தினி நாளா இப்டி நிக்கற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு மாசமா."

முத்துமாரி இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா. அம்மாகிட்ட வா."

சோபனாவின் இடுப்பிலிருந்த கனம் அம்மா பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, அப்படியே கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு திரும்பி சோபனாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நீட்டிய கைகள் வெறும் காற்றில் நின்றன.

"வர்ல, இல்ல?"

"இல்லக்கா."

"கடைசியா உன் கழுத்ததான புடிச்சினு இருந்தான்," என்றாள் முத்துமாரி. "பயத்துல யாரப் புடிக்கிறானோ அவங்கள வுடமாட்டான். அவன் கொணம் அது." அவள் கை சோபனாவின் தோளுக்குப் பக்கத்தில், காற்றில், ஒரு சின்னத் தலையின் உயரத்தில் ஒரு முறை தடவியது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படியிறங்கியவள் மழையில் நனைந்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"இறக்கி வெச்சிடாத," என்றாள். "இறக்கினா பயப்படுவான்."

சோபனா ஆபீஸ் ரூமுக்குப் போனாள். மார்க் ஷீட்டில் கையெழுத்து போட்டு முடித்திருந்த கமலம் மேடத்தின் முன்னால் நோட்டை வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கமலம் மேடம் ரொம்ப நேரம் அந்த இரண்டு எண்களையே பார்த்தார். "இப்பதானடி பாஸான," என்றார். டாக்டரையும் ஸ்டாஃப் நர்ஸையும் கூப்பிட்டார்கள். பழைய சார்ட்டை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்து வந்தார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று பிரின்சிபால் சொன்னபோது மணி ஐந்தரை. திரும்பி வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோதுதான் சோபனா முதல் தடவையாக அழுதாள்.

வேலூர் பஸ்ஸில் கம்பெனி விட்ட கூட்டம். சோபனா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு துணிப்பை, வேறெதுவும் இல்லை. மழைக்கு ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே பாதி இருட்டு.

பக்கத்து சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து, சோபனாவின் இடது இடுப்புப் பக்கம் பார்த்து, நாக்கைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டினாள்.

"பையனக் குடும்மா, நான் மடியில வெச்சிக்கிறேன். எவ்ளோ நேரம் தூக்கினு நிப்ப."

சோபனா இடது கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"வேணாங்க. எங்கிட்டயே இருக்கட்டும்."

"தூங்கிட்டான் பாரு," என்றாள் அந்த அம்மாள். ஜன்னலோரமாக நகர்ந்து, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.