கொதிக்க வைத்த பாறை

விளக்கை அணைத்தால் பொத்தான் பவளங்கள் சுருங்கிவிட வேண்டும். அன்று சாயங்காலம் அவை சுருங்கவில்லை.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளிச்சம் போனதும், பாறையில் ஒட்டி வளரும் அந்தப் பச்சை வட்டங்கள், தூக்கம் வந்த பிள்ளை கண்ணை மூடுவதுபோல இதழ்களை மடித்துக்கொள்ளும். தம்பிக்காரன் நாற்காலியில் சாய்ந்தபடி விளக்கை அணைத்தான். அத்தனையும் விரிந்தே இருந்தன. அது போதாதென்று, மேலே பார்க்க வேண்டியவை எல்லாம் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தன.

தொட்டி அண்ணனுடையது. உப்பைக் கரைத்து, பம்ப் பொருத்தி, தண்ணீர் பக்குவப்படும்வரை மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்து, ஒற்றைப் பொத்தானைப் பாறை நிறையப் பெருக்கியவர். தம்பி ஒரு துண்டு கேட்கும்போதெல்லாம் வந்தவர் போனவர் முன்னால் சிரிப்பார். "உன் கையில பிளாஸ்டிக் மீனே செத்துப்போகும். உனக்குப் பவளம் கேக்குதாடா?"

அந்தச் சிரிப்பு உள்ளே முள்ளாகத் தைத்துக் கிடந்தது. ஒருநாள் அண்ணனே போன் செய்தார்.

"ஓரத்துப் பாறையில பாசி ஏறிடுச்சு. எவ்வளவு தேய்ச்சாலும் போகல. நாலு பொத்தான் போனாப் போகட்டும், கொதிக்க வைக்கட்டுமாடா?"

அந்தப் பொத்தான்களுக்குள் நஞ்சு உண்டு, கொதித்தால் ஆவியோடு ஏறி மூச்சை அடைத்துவிடும் என்று தம்பி படித்திருந்தான். அண்ணன் அதைப் படித்ததில்லை.

"தாராளமா வைங்கண்ணே. ஜன்னலை மட்டும் சாத்திக்கங்க, பக்கத்து வீட்டுக்கு நாத்தம் போகும்."

அண்ணி அன்றைக்கு அம்மா வீட்டில். திரும்பி வந்தபோது அடுப்படியில் அண்ணன் செத்துக் கிடந்தார். மார்ச்சளி முற்றிவிட்டது என்று மருத்துவர் சொல்ல, எல்லாரும் நம்பினார்கள். வெந்து வெளுத்த பாறையைக் குப்பையில் போட்டுவிட்டு, தொட்டியைத் தம்பியிடமே கொடுத்தார் அண்ணி. "அவரு உயிரே இதுலதான் தம்பி. நல்லா பாத்துக்கங்க."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். சாயங்காலமானால் காலை நீட்டிக்கொண்டு, நீல வெளிச்சத்தில் அலையும் பவளங்களை, என்னுடையது, என்னுடையது என்று ரசித்தான்.

இப்போது நாக்கில் செம்பை நக்கியதுபோல ஒரு கசப்பு. அறையெங்கும் உப்பும் அவிந்த நத்தையும் கலந்த வாடை, மெல்ல, சுவரோரமாக ஊர்ந்து வந்தது. குனிந்து பார்த்தான். தொட்டியின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பாறை.

போனை எடுத்தான்.

"அண்ணி, அந்த வெள்ளைப் பாறையைத் திரும்ப உள்ள வெச்சீங்களா?"

"நான்தான் அன்னைக்கே குப்பையில போட்டேனே. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க தம்பி? ஏதோ கொதிக்கிற சத்தம் கேக்குது."

அடுப்பில் ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. பம்ப் நின்றது. கொதிக்கும் சத்தம் நிற்கவில்லை. தளதள. தளதள.

எடுத்து எறிந்துவிடலாம். கையைத் தண்ணீருக்குள் விட்டான். பனிக்கட்டிக் குளிர். பாறையைப் பற்றினான். பாறையும் பற்றியது. அலறி, உதறி, கையை வெளியே இழுத்தான்.

கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. மூச்சு ஏறவில்லை. ஜன்னலுக்கு ஓடினான். தள்ளினான். குத்தினான். திறக்கவில்லை.

பின்னால் கீச்சென்ற ஓசை. தொட்டிக்குள்ளிருந்து ஒரு விரல் கண்ணாடியின் ஆவியைத் துடைத்தது.

"கொதிக்க வைக்கட்டுமாடா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது. விலக்கிப் பார்த்தான். ரேகை நெடுகப் பச்சைப் பொத்தான்கள், ஒவ்வொன்றாக விரிந்து, அவன் முகத்தை நோக்கித் திரும்பின. ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் மெல்லிய, வெள்ளை ஆவி.