ஊசிக்கு அசையாத கால்

கண்ணுசாமி வரப்பில் குப்புறக் கிடந்தான்.

பின்கழுத்தில் அரிவாள் வெட்டு!

ஆவுடையார்கோவிலை அடுத்த கிராமம். யுத்த காலம். பிணத்தைப் பார்த்து நிமிர்ந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதனிடம், செத்தவனின் மனைவி மீனம்மாள் அழாமல் சொன்னாள்.

"எங்க மூத்தாருதாங்க வெட்டுனாரு. கெணத்துத் தண்ணிக்காகக் கொல்லுவேன்னு சொன்னவரு."

கூட்டத்தில் ஒருத்தி மீனம்மாளைப் பார்த்துக் காறித் துப்பினாள். கண்ணுசாமியின் அண்ணன் மலையாண்டி பனையிலிருந்து விழுந்து மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்பது ஊரறிந்த சேதி.

ஆத்மநாதன் டாக்டர் தைரியநாதனை மலையாண்டியின் வீட்டுக்கு வரவழைத்தார்.

டாக்டர் மலையாண்டியின் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார்.

கால் வெடுக்கென்று உதைத்தது!

மீனம்மாள் பாய்ந்து வந்தாள். டாக்டர் கையமர்த்தினார். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு மூளையைக் கேட்காமலே அப்படி உதைக்கவைக்கும், அது குற்றத்துக்குச் சாட்சியல்ல என்றார்.

மலையாண்டி இளித்தான்.

அடுத்து, நீண்ட ஊசி.

உள்ளங்காலில் இறங்கியது. ரத்தம் துளிர்த்தது. கால்... அசையவே இல்லை.

"இன்னும் ஆழமாக் குத்துங்க. மரக்கட்டைக்கு ஏது வலி?" என்றவன், மீனம்மாளை முறைத்தான். "ஒம் புருசன வெட்டுனவன அங்கிட்டுப் போயித் தேடுடி."

ஆத்மநாதன் தொப்பியை எடுத்துக்கொண்டார். மீனம்மாள் சுவரில் சாய்ந்தாள்.

டாக்டர் நிதானமாக ஊசியைத் துடைத்தார்.

"இவனைப் பிடிங்க, இன்ஸ்பெக்டர்."

"கால்தான் அசையலையே?"

"அசைஞ்சிருக்கணும். குத்துன ஒடனே காலை வெடுக்குன்னு இழுக்கறதும் அதே தண்டோட வேலைதான். தண்டு உசுரோட இருக்குன்னு சுத்தியல்லயே தெரிஞ்சுபோச்சு. மூளைக்குப் போற வழி நெசமாவே அறுந்திருந்தா, இவனுக்கு வலிச்சிருக்காது, ஆனா கால் தானா இழுத்திருக்கும்."

"அப்ப இவன்?"

"இழுக்காதேன்னு அடக்குறது மூளை. வலி மேல போயிருக்கு, உத்தரவு கீழ வந்திருக்கு. வழி ரெண்டும் சுத்தமா இருக்கு."

மலையாண்டியின் நெற்றியில் வியர்வை பொங்கியது.

அடுத்த நொடி டாக்டரை உதைத்துத் தள்ளிவிட்டுத் துள்ளி ஓடினான்!

வாசலில் மீனம்மாள். கையில் உலக்கை. முழங்காலுக்குக் கீழே ஒரே போடு. அலறிக்கொண்டு சுருண்டான். விழுந்தபோது அடிபட்டது நிஜம், சீக்கிரமே குணமானதை மறைத்தேன், தம்பியைத் தீர்க்க அந்தக் கட்டிலே வசதியாக இருந்தது என்று அழுகையோடு கக்கினான்.

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டிவிட்டு, கைதிக்கு மாட்டுவண்டி பிடிக்கட்டுமா என்று கேட்டான்.

"எதுக்குய்யா வண்டி?" என்றார் ஆத்மநாதன். "இத்தனை மாசம் படுத்தே கெடந்தவன்... ஸ்டேஷன் வரைக்கும் காலாற நடக்கட்டும்."