பென்னியின் பாஷை

பேச்சுக்கு நடுவில் பென்னி நிறுத்தினான். அதுதான் முதலில் ஷைனிக்குச் சரியாகப் படவில்லை.

ஏழு மாதமாக அந்த வாய் ஓய்ந்ததில்லை. குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்த மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், அதில் ஒரு சொல்லாவது சொல்லாக இருக்காது. இன்றைக்கு நிறுத்தினான். எதிராளி பதில் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மனிதன் எவ்வளவு நேரம் நிறுத்துவானோ அவ்வளவு நேரம் நிறுத்தி, "ம்" என்று தலையாட்டி, பிறகு சிரித்தான்.

மாலை நான்கு மணி இருக்கும். தேர்வாய் கண்டிகை கம்பெனி கேன்டீனில் முதல் ஷிப்டு முடித்துவிட்டு நனைந்துகொண்டே வந்தவள், அடுப்படியில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூரை ஷீட்டின் மேல் கொட்டுகிற மழை, கொடியில் காயாத துணிகளின் புழுங்கின வாடை, ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் டிரெய்லர்களின் உறுமல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் முன்னறையிலிருந்து பென்னியின் குரல். நாஷ்டா ஆச்சா, ஷிப்டு மாறிச்சா என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் கதை பேசுகிற அதே குரல். ராகம் அத்தனையும் அவனுடையது. சொல்தான் யாருடையதோ.

எட்டிப் பார்த்தாள். பாயில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே சோனியா, மூன்று வயதுக் குழந்தை, முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொந்தரி கால்ப்பு சேவுனு தாத்தெ," என்றான் பென்னி. நிறுத்தினான்.

"கால்ப்பு லேமி," என்றது குழந்தை.

அவன் தலையாட்டினான்.

குழந்தை அப்பன் வாயைப் பார்த்துக் கொஞ்சுகிறது, அவ்வளவுதானே என்று ஷைனி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

யாரைக் குற்றம் சொல்ல? அவளைத்தான் சொல்லவேண்டும். அவளே தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பென்னி திடீரென்று எழுந்து நின்று பேச ஆரம்பித்தான். யாருக்கும் விளங்காத பேச்சு, நிற்காத பேச்சு. ஆவி இறங்கினால் அப்படித்தான் வரும், அந்நிய பாஷை என்பார்கள். அந்தச் சபையில் பாதிப் பேருக்கு அந்த வரம் உண்டு, பென்னிக்கு மட்டும் பதினோரு வருஷமாக வாய்க்கவில்லை. "உன் ஊட்டுக்காரர் மர பெஞ்சி மாதிரி உக்காந்துனுகீறாரே" என்று கேலி பேசாத ஆள் கிடையாது. ஷைனி உபவாசம் இருந்து ஜெபித்திருக்கிறாள். ஆகவே அன்றைக்கு மொத்த சபையும் "ஸ்தோத்திரம்! அல்லேலூயா!" என்று எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவள் ஷைனி. கண்ணீர் வழிய வழியத் தட்டினாள். அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கிப் பேசினான். அபிஷேகத்தின் வேகம் என்று நினைத்தாள், பாவி.

திங்களும் பேசினான். செவ்வாயும் பேசினான். சாப்பிடு என்றால் புரியாமல் பார்த்தான். இந்த வரத்தைப் பற்றிச் சபையில் அவனைச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று ஆட்கள் வந்து போனார்கள். புதன்கிழமைதான் சென்னைக்குக் கொண்டுபோனாள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "இன்னிக்குக் காலைல தான் சார்" என்று பொய் சொன்னாள். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மூணு நாள் பழசும்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மோனிகா மேடம்தான் பொறுமையாக விளக்கினாள். "நெத்திக்குப் பின்னாடி பேச்ச வெளில தள்ற எடம் இருக்கும்மா. அது அவருக்கு நல்லாகீது. காதுக்கு மேல, இடது பக்கம், கேக்குற சத்தத்த சொல்லா பிரிச்சு அர்த்தம் கண்டுபுடிக்கிற எடம். அங்கதான் ரத்தம் போற கொழா அடைச்சிக்கிச்சு. அதனால நீங்க பேசுறது அவருக்கு வெறும் சத்தம். அவர் பேசுறதும் சரியா வரல, அதுவும் அவருக்குத் தெரியாது. நல்லாத்தான் பேசுறோம்னு நெனச்சினுகீறாரு."

"அடைச்ச நாலு மணி நேரத்துக்குள்ள கூட்டினு வந்திருந்தா சரியாயிருக்குமா?" என்று கேட்டாள் ஷைனி.

மோனிகா மேடம் பேனாவை மூடினாள்.

அதன்பிறகு ஷைனிக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது. அவன் ஒரே ஒரு வார்த்தை புரியும்படி பேசவேண்டும். திட்டினாலும் சரி, மன்னித்தாலும் சரி. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவனுக்குச் சோறு ஊட்டுவதைவிடப் பெரிய தண்டனை அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வேலைக்குப் போனதும் குழந்தை நாள் முழுக்க அவனோடுதான். பக்கத்து வீட்டு ஜெபாக்கா மணிக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வாய் திறக்கிற வயசில் சோனியாவின் காதில் அதிகம் விழுந்தது இந்தப் பேச்சுதான். இது இன்றைக்குத்தான் ஷைனிக்கு உறைத்தது.

பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, அப்பாவாண்ட இன்னா பேசினுகீற?"

குழந்தை தமிழைத் தேடியது. கிடைக்கச் சற்று நேரமாயிற்று.

"அப்பாக்குத் தல வலி."

"இன்னா?"

"தல வலி. வண்டி எடு. போலாம் சொல்து."

"எப்போ சொன்னாரு?"

"தெனம்," என்றது குழந்தை.

இல்லை. குழந்தை உளறுகிறது. தான் என்றைக்கோ தலைவலி என்று முனகியதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவன் முகத்தைப் பார். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். வலிக்கிறவன் முகமா அது?

எழுந்து போகத்தான் நினைத்தாள். போகவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சை அவள் காதுகொடுத்துக் கேட்டாள்.

அவள் பிறந்தது ஆந்திர எல்லையோரம் எளாவூரில். சின்ன வயசில் பக்கத்துக் கடைக்காரம்மா பேசுகிற தெலுங்கு அவளுக்கு வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் பால் வாங்க நிற்கும்போது இரைச்சல் துண்டு துண்டாக உடைந்து சொற்களாகி நின்றது. அதற்கப்புறம் நினைத்தாலும் அதை இரைச்சலாகக் கேட்க முடியவில்லை.

மழை வலுத்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. பென்னியின் முகம் மங்கி, பற்கள் மட்டும் தெரிந்தன.

மொந்தரி. திரும்பத் திரும்ப வந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது.

சேவுனு. அவள் தோளைத் தொட்டுக்கொண்டே சொன்னான்.

கால்ப்பு.

ஏதோ ஒன்று அவளுடைய இடது காதுக்கு மேலே நெகிழ்ந்து கொடுத்தது. வலிக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

மொந்தரி. ஷைனி.

ஷைனி, கை தட்டாத.

அவளுக்குப் புரிந்தது.

ஷைனி, கை தட்டாத. தலைக்குள்ள இன்னாவோ உடைஞ்சி போச்சு. வலிக்குது. வண்டி எடுக்கச் சொல்லு. பாஸ்டராண்ட சொல்லு. ஏன் எல்லாரும் சிரிக்கறீங்க? ஷைனி, கை தட்டாத.

அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். சோறு உண்ணும்போது. குளிப்பாட்டும்போது. அவள் தோளில் சாய்ந்து தூங்கும்போது. அந்தக் கதை பேசுகிற குரலில், அந்தச் சிரித்த முகத்தோடு, ஏழு மாதமாக. அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவே இல்லை.

"ஐயோ, என் ராஜா!" என்று கதறினாள். "போலாம்யா! இப்பவே போலாம்!"

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவளுடைய தமிழ் அவனுக்கு வெறும் சத்தம்.

அவன் காதில் ஏறவேண்டுமானால் அவன் பாஷையில் சொல்லவேண்டும். ஷைனி யோசிக்கவில்லை. வாயைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. தைரியமாயிரு, வந்துட்டேன், போலாம் என்று சொன்னாள்.

பென்னி நிறுத்தினான்.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. அதற்கு அடியில் இருந்த முகத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். பயந்து வெளிறிய முகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஏன் இவ்ளோ நேரம், என்று கேட்டான்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கைதட்டியது, சாட்சி கேட்டு வந்தவர்களுக்கு டீ போட்டது, டாக்டரிடம் பொய் சொன்னது. தடங்கலே இல்லாமல் கொட்டியது. அவன் கேட்டுக்கொண்டு அழுதான். குழந்தை இருவர் மடியிலும் பாதிப் பாதியாக வந்து படுத்துக்கொண்டு, சரி அழாதீங்க என்றது. ஷைனிக்கு அது தெளிவாகக் கேட்டது. எவ்வளவு நாளாயிற்று இப்படி மூன்று பேரும் பேசி!

வாசலில் நிழல் விழுந்தது. ஒரு பெண் குடையோடு நின்றாள். பழகின முகம். பக்கத்து வீடு. வாயைத் திறந்து திறந்து மூடினாள். கல்லைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஏதோ வந்தது. ஷைனி அவளைப் பார்த்து, தலை வலிக்குது, வண்டி எடுக்கச் சொல்லு என்றாள்.

அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். குடை கையிலிருந்து நழுவியது.

சோனியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு கை, பிறகு பல கைகள். பலத்த மழையோடு கலந்து பல குரல்கள் இரைந்தன. அவற்றில் ஒரு சத்தம் மட்டும் மறுபடி மறுபடி, நீட்டி நீட்டி வந்தது. யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, ஒருவேளை அது ஒரு பெயராக இருக்கலாம் என்று ஷைனிக்குத் தோன்றியது.